கரண்ட் மிஞ்சிய நாள்

ஐஸ் கம்பனியின் கேற்றுக்கு வெளியே, உடை மரத்தின் அரைகுறை நிழலில் றஊபும் யோசேப்பும் விடிந்ததிலிருந்து குந்தியிருந்தார்கள். கேற்றுக்கு உள்ளே நின்றால் கம்பனி நேரம், வெளியே இருந்தால் சொந்த நேரம் என்று முதலாளியின் மகன் முஆஸ் விளங்கப்படுத்தியிருந்தான். நல்ல சொந்த நேரம்! அதில் ஒரு மனிதன் என்னத்தைச் செய்வது? கிழிந்த வலை பொத்தப் போனால் பாதியில் வேலைக்குக் கூப்பிட்டு மெசேஜ் வரும். எத்தாளைப் பக்கம் மிளகாய்த் தோட்டத்துக்கு நாள்கூலிக்குப் போகலாமென்றால், போனைப் பார்த்துப் பார்த்து நடுவில் எழும்பி ஓடுகிறவனை எந்தத் தோட்டக்காரன் கூப்பிடுவான்? ஆகவே இரண்டு பேரும் போனை மடியில் வைத்துக்கொண்டு வேலிக் கம்பியைப் பார்த்தபடி இருந்தார்கள்.

வெயில் உச்சிக்கு ஏறியபோது இரண்டு போனும் ஒன்றாகக் கிணுங்கின. முஆஸ் கேற்றைத் திறந்தான். உள்ளே கொம்பிரசர் உறுமத் தொடங்கியது. றஊப் இறப்பர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, உப்புத்தண்ணீர்த் தொட்டியை மூடியிருந்த பலகைகளைக் கழற்றினான். யோசேப்பு கப்பிச் சங்கிலியை இழுத்து, உறைந்த தகரங்களை மேலே எடுத்தார். தகரத்தைப் பச்சைத்தண்ணீரில் தோய்த்துக் கவிழ்த்தால் ஐஸ் கட்டி கழன்று பலகையில் சறுக்கி வரும். வெறுந்தகரத்தில் புதுத்தண்ணீர் நிரப்பித் திரும்பத் தொட்டிக்குள் இறக்க வேண்டும். வேர்வை கண்ணுக்குள் வழிய வழியப் பாதித் தொட்டியை மாற்றி முடிப்பதற்குள் இன்னொரு மெசேஜ் வந்தது. முஆஸ் சுவிட்சை இறக்கினான். திரும்பவும் உடை மரம், திரும்பவும் சொந்த நேரம்.

போன வருசம் வரைக்கும் இந்த வேலைக்கு ஒரு முறை இருந்தது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து தகரங்களை இறக்கினால் கொம்பிரசர் இரவெல்லாம் ஓடும். விடியச் சுபஹுக்குக் கட்டிகளை எடுத்து அரைத்து, மாம்புரிக் கரையில் நிற்கும் போட்டுகளுக்கு ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். நாள்கூலி. மீன் குறைந்த நாளிலும் அது கிடைத்தது. நெய்னார் ஹாஜியார் கடுகடுப்பான முதலாளிதான், ஆனால் வந்த மனிதனை வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

பிறகு கொழும்பிலிருந்து கரண்ட் கம்பனிக்காரர்கள் சிலர் ஜீப்பில் வந்தார்கள். நாட்டில் ஆளாளுக்குக் கூரையில் சோலர் போட்டுவிட்டார்கள், கரையோரம் முழுக்கக் கரண்ட் எடுக்கிற காத்தாடி நிற்கிறது, பகலில் கரண்ட் தேவைக்கு மேல் வந்து குவிகிறது, பொழுதுபட்டு வீட்டுக்கு வீடு லைட் போடும் நேரம் பார்த்துக் காணாமல் போகிறது என்றார்கள். ஆகவே குவிகிற நேரத்தில் கரண்டை எடுத்துக்கொள்கிறவர்களுக்கு அது மலிவு. கூப்பிட்ட உடனே எடுத்தால் எடுத்ததற்கு மேற்காசும் உண்டு. பொழுதுபட்ட பிறகு கொம்பிரசரை ஓட்டினால் விலையில் தோலை உரித்துவிடுவார்கள். கரி எரிக்கிறது குறையும், வெளிநாட்டு எண்ணெய் குறையும், நாட்டுக்கு நல்லது என்றார்கள். அது பொய்யில்லை. யோசேப்புகூடத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப எங்கட நேரம்?"

ஜீப்பில் வந்தவர்கள் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு ஏறிப் போனார்கள். முஆஸ்தான் பிறகு சொன்னான், கொம்பிரசர் ஓடுகிற நேரத்துக்கு இனிக் கூலி என்று. ஓடாத நேரத்துக்குக் கூலி கொடுக்க அவன் எங்கே போவான், அவனுக்கே அந்த நேரத்தில் வருமானமில்லையே என்றான். 'ஐஸ்' என்று போனில் ஒரு குரூப் தொடங்கி எல்லோரையும் அதில் சேர்த்தான். மெசேஜ் வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் கொம்பிரசர் முழு வேகத்தில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் கம்பனிக்குத் தண்டம். ஆகவே ஒரு தடவை வராவிட்டால் பொறுப்பான். இரண்டாம் தடவை வராதவனைக் குரூப்பிலிருந்து தூக்குவான். தூக்கினால் வேலை முடிந்தது. கடிதம் கிடையாது, கணக்கு முடிக்கிற கதை கிடையாது. மூன்றாவது ஆளாக இருந்த பஸ்தியான் அப்படித்தான் போனான்.

றஊபுக்கு ஏற்கெனவே ஒன்று விழுந்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, சோளகக் காத்து அடித்துக் காத்தாடியெல்லாம் சுழன்றுகொண்டிருந்த நாள். அவன் பள்ளியில் ஜும்ஆத் தொழுகையில் இருந்தான். குத்பாப் பிரசங்க நேரத்தில் போனை அணைத்து வைப்பது எல்லோரும் செய்கிறதுதான். வெளியே வந்து பார்த்தால் மெசேஜ் வந்து நெடுநேரம். ஓடிப் போனான். கேற்றில் முஆஸ் முகத்தைக் கோணிக்கொண்டு நின்றான். அதே பள்ளியில் முன் ஸஃப் வரிசையில் அவனுடைய வாப்பா நெய்னார் ஹாஜியார் இருந்து ஓதிவிட்டு, வாசலில் றஊபுக்கு ஸலாமும் சொல்லிவிட்டுப் போனவர். அது கணக்கில்லை. ஹாஜியாருக்குத் தகரம் தூக்குகிற வேலையில்லையே.

கூலி பாதியாகக் குறைந்தது. சில கிழமைகளில் பாதியும் இல்லை. யோசேப்பின் மனைவி அக்னஸ் கரையில் மீன் எடுத்துச் சிலாபத்துக்கு அனுப்புகிறவள். பொழுதுபட வருகிற மீனுக்கு ஐஸ் கிடைக்காமல், கிடைத்த கட்டியும் விட்டுவிட்டு உறைந்ததால் நடுவில் தண்ணீர் நின்று உடைய, ஒரு நாள் எடுத்த கீரிமீன் முழுவதையும் கருவாட்டுக்காரருக்குக் கொட்டிவிட்டு நேரே கேற்றுக்கு வந்தாள். வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். முஆஸ் பொறுமையாக நின்று, இரவில் கரண்ட் என்ன விலை தெரியுமா அக்கா என்று கேட்டான். "மீன் செத்தா விலை பாத்துக்கொண்டு நிக்காது தம்பி, நாறும்" என்றுவிட்டுப் போனாள்.

றஊபின் வீட்டில் சத்தம் வரவில்லை. மன்னாரிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு துரத்தப்பட்டு வந்த முஸ்லிம்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று அது. அங்கே ஒரு வீட்டில் சத்தம் போட்டால் பத்து வீட்டுக்குக் கேட்கும். அவனுடைய மனைவி ஹஃபீலா ஒரு பின்னேரம் அரிசி புடைத்தபடி, குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், பேர் குடுத்திட்டு வந்திரிக்கிறன் என்று சொன்னாள். அவன் வேண்டாமென்றான். மகள் றுஷ்னா ஏ.எல். சோதனைக்குப் படிக்கிற பிள்ளை, தாய் இல்லாமல் எப்படி என்றான். அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"நீங்க வெளிய குந்தியிரிக்கிற நேரத்துக்கு ஆராவது உழைக்கத்தானே வேணும்?"

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அதனால்தான் அவனுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

குவைத் பிளேனுக்கு ரிக்கற் சித்திரைப் புதுவருசக் கிழமையில் வந்தது. அதைக் கேட்டதும் றஊபுக்கு ஒரு வகையில் நிம்மதி. வருசத்துக்குக் கடல் சும்மா கிடக்கும். சிலாபத்திலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் வந்து கரையில் வாடி போட்டு மீன்பிடிக்கிறவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அதோடு யோசேப்பு மாதிரி வேதக்காரருக்குப் பெரிய கிழமையும் வந்து சேர்ந்தால் ஒரு போட்டும் இறங்காது. போட் இறங்காவிட்டால் ஐஸ் எதற்கு? அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கிழமை ஹாஜியார் தன் கையாலேயே கேற்றைப் பூட்டித் திறப்பை இடுப்பில் சொருகுவார். அதனால் அவன் லீவு கேட்கவுமில்லை. பூட்டுகிற கிழமைக்கு யார் லீவு கேட்பான்? யோசேப்பும் அதையேதான் சொன்னார்.

"எயார்போட் மட்டும் வருவன். நீ உள்ள போய் மறையிற மட்டும் நிப்பன்" என்று ஹஃபீலாவிடம் சொல்லியிருந்தான். பதினெட்டு வருசத்தில் அவளைப் பிரிந்து அவன் ஒரு பெருநாளும் இருந்ததில்லை. இனி இரண்டு வருசம். அந்த ஒரு நாளாவது அவளோடு இருக்க வேண்டுமென்பதைத் தவிர அவனுக்கு அந்தக் கிழமையில் வேறு நினைப்பில்லை.

வேன் காலையில் வந்தது. ஹஃபீலா புது அபாயாவும், ஏஜென்சிக்காரன் தந்த பையுமாக நடுச்சீற்றில் இருந்தாள். றுஷ்னா அவளுடைய தோளில் சாய்ந்திருந்தாள். மாம்புரியைத் தாண்டுகையில் கரையைப் பார்த்தார்கள். போட்டெல்லாம் மேலே இழுத்துக் கவிழ்த்திருந்தது. ஒரு மனிதப் பூச்சியில்லை. ரோட்டிலும் வாகனமில்லை. எங்கோ தொலைவில் வெடி கேட்டது. றஊப் வழிநெடுக ஒன்றுக்கும் உதவாத கதைகளைக் கதைத்துக்கொண்டு வந்தான். குவைத்தில் குளிர்காலமும் இருக்கிறதாம், கம்பளிச் சட்டை எடுத்தியா என்றான். எடுத்தேன் என்றாள். சற்றுப் பொறுத்து அதையே திரும்பக் கேட்டான்.

பாலாவிச் சந்தியில் சாரதி டீசலுக்கு நிறுத்தியபோது போன் கிணுங்கியது. 'இண்டைக்கு 11 மணியிலிருந்து 3 மணி மட்டும் ஃபுல் லோட். எல்லாரும் வரவும்.'

றஊப் அதை இரண்டு தரம் வாசித்தான். பிழையாக வந்திருக்குமென்று முஆஸுக்கு எடுத்தான். பிழையில்லை. நாடு முழுக்கக் கடையும் கந்தோரும் கார்மென்ற்ஸும் பூட்டிக் கிடக்கிறது, வானத்தில் ஒரு முகில் இல்லை, கரண்ட் ஊத்துண்டு போகுது என்று முஆஸ் சந்தோசமாகச் சொன்னான். வருசத்திலேயே கூடுதலாகக் கிடைக்கிற கிழமை இதுதானாம்.

"ஒரு போட்டும் கடலுக்கு இல்லயே தம்பி" என்றான் றஊப்.

"போட்டுக்கும் இதுக்கும் என்ன நானா?" என்றான் முஆஸ். சின்ன வயதிலிருந்தே றஊபை அவன் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவான்.

றஊப் வேனை விட்டு இறங்கிச் சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டு, எங்கே போய்க்கொண்டிருக்கிறான், எதற்காக என்பதைச் சொன்னான். இன்றைக்கு மட்டும் விடச் சொன்னான். அவன் வாழ்க்கையில் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. பெருநாளோ சாவோ என்று கொழும்புப் பக்கத்தில் கேட்கிற மனிதன் யாருமில்லை, எவ்வளவு கரண்ட் இழுக்கிறதென்ற லோடைக் கம்பியூட்டர்தான் பார்க்கிறது, வருச நாளில் வேறு ஆள் பிடிக்கவும் முடியாது என்றான் முஆஸ். "உங்களுக்கு முந்தி ஒண்டு விழுந்திரிக்கி நானா. நான் ஒருத்தருக்கு உட்டா, வாப்பா என்னயத்தான் கேப்பாரு."

திரும்பி வந்தபோது ஹஃபீலா அவனுடைய முகத்தைப் பார்த்தாள். அவன் ஒன்றுமில்லை, போவோம் என்றான். அவள் கையை நீட்டிப் போனை வாங்கி மெசேஜை வாசித்தாள்.

"இறங்குங்க."

"நான் போக மாட்டன். தூக்கினாத் தூக்கட்டும்."

"றுஷ்னாட வாப்பா, உள்ள வேலயும் போனா, நான் என்னத்துக்குப் போறன்?"

சாரதி டீசல் மூடியைப் பூட்டிவிட்டு வந்து ஏறினான். ஹஃபீலா சாப்பாட்டுப் பையைக் கிளறி, மூன்று பேருக்கென்று கட்டிய பொதிகளில் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள். றுஷ்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேன் கொழும்பு ரோட்டில் ஏறிப் போன பிறகும் அவன் பொதியைப் பிடித்தபடி நின்றான். பிறகு மறுபக்கம் போய், கற்பிட்டிப் பக்கம் போன தேங்காய் லொறியொன்றை மறித்து ஏறினான்.

கம்பனியில் யோசேப்பு முன்னமே வந்து தொட்டிப் பலகைகளைக் கழற்றியிருந்தார். பூசைக்கென்று வெளிக்கிட்ட வெள்ளைச் சேட்டைச் சுருட்டி ஆணியில் கொழுவியிருந்தார். றஊபைக் கண்டதும், "அவவை அனுப்பிப்போட்டியோ?" என்று கேட்டார். றஊப் சப்பாத்தை மாட்டத் தொடங்கினான். அவர் கப்பிச் சங்கிலியை இழுத்தார்.

கட்டிகளைக் கழற்றினார்கள். குளிரறையைத் திறந்தால் கூரை முட்ட ஐஸ். போன கிழமை எடுத்தது அப்படியே கிடந்தது, வாங்க ஆளில்லை. முதல் கட்டியைக் கொக்கியில் இழுத்துக்கொண்டு, இதை எங்கே அடுக்குவது என்று றஊப் கேட்டான். முஆஸ் பின்கதவைக் காட்டினான். அது களப்பு ஏரிப் பக்கம். கதவுக்கும் மதிலுக்கும் இடையில் கொஞ்சம் மணல்தரை கிடந்தது.

"அங்க கொட்டுங்க."

"கொட்டுறதா?"

முஆஸ் விளங்கப்படுத்தினான். தொட்டி முழுக்க ஐஸாக இருந்தால் கொம்பிரசருக்கு வேலையில்லை, தானாக நின்றுவிடும். நின்றால் லோட் இறங்கும். லோட் இறங்கினால் தண்டம். ஆகவே ஐஸை எடுத்துக் கொட்டிவிட்டுச் வெயிலில் சுட்ட தண்ணீரை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்டை எடுத்ததற்குத்தான் காசு, ஐஸுக்கல்ல.

றஊப் சங்கிலியை விட்டுவிட்டு முஆஸின் முன்னால் போய் நின்றான்.

"கொட்டுறதுக்கா என்ன பாதி ரோட்டுல இறக்கி எடுத்த? என்ட பொஞ்சாதி ரெண்டு வருசத்துக்குப் போறா. தண்ணிய உறைய வெச்சு மணல்ல ஊத்துறதுக்கா?"

முஆஸ் அவனுடைய கண்ணைப் பார்க்கவில்லை. கெட்ட பையனில்லை. பள்ளிக்கூடம் போகிற காலத்தில் றஊபின் தோளில் ஏறிக் களப்பில் குதித்தவன். "நானா, எனக்கும் வெக்கமாத்தான் இரிக்கி" என்றான் மெதுவாக. பிறகு சுவரிலிருந்த மீற்றரைப் பார்த்தான். "ஆனா லோட் இறங்குது. கொஞ்சம் சுறுக்கா."

யோசேப்பு றஊபின் கையைப் பிடித்துத் தொட்டியடிக்கு இழுத்துக்கொண்டு போனார். இது விசர் வேலைதான், ஆனால் இன்றைக்கு வந்த பிறகு நின்று சண்டை பிடித்துக் கூலியையும் விடாதே என்றார். கட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்கதவால் சறுக்கிப் போயின. உச்சி வெயிலில் மணலில் குவிந்து புகைந்தன.

செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. மதிலுக்கு வெளியே பிள்ளைகள் வாளிகளோடு வந்து நின்றார்கள். அக்னஸ் மீன் போடுகிற வெள்ளை ரெஜிபோம் பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். களப்பில் விடிய இறால் பட்டிருக்கிறது, வருசம் முடிந்து லொறி ஓடுகிற மட்டும் வைத்திருக்க ஐஸில்லை, கொட்டுகிறதில் நாலு கட்டி தா தம்பி என்றாள். முஆஸ் சரி என்று தலையாட்டினான். யோசேப்பு கட்டியொன்றைத் தூக்கவும் குனிந்துவிட்டார். அந்த நேரம் நெய்னார் ஹாஜியார் வெள்ளைச் சாரத்தோடு வந்து கதவடியில் நின்றார்.

"குடுக்க வாணாம். ஒருக்கா சும்மா வாங்கினவங்க, நாளைக்குக் காசி குடுத்து வாங்குவாங்களா?"

"ஹாஜியார், கரையிறதுதானே" என்றார் யோசேப்பு.

"கரையட்டும்."

மதிலேறி எடுத்துக்கொண்டு போவார்கள் என்று பட்டதோ என்னவோ, முழுக்கட்டியாகப் போடாமல் உடைத்துப் போடச் சொன்னார். மூலையில் நின்ற மரச்சுத்தியல்களைக் காட்டினார். பிறகு ளுஹர் தொழுகைக்கு நேரமாகிறதென்று பள்ளிக்குப் போய்விட்டார். யோசேப்பு சுத்தியலை எடுத்தார். மனைவி பார்த்துக்கொண்டு நிற்க முதல் கட்டியை உடைத்தார். ஊரையே அதட்டுகிற அந்த மனுசி பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனது, அவருக்கு ஏச்சு வாங்கியதைவிட மோசமாக இருந்தது.

முடிகிற நேரத்துக்குக் கிட்ட றஊபின் போன் அடித்தது. கொம்பிரசர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நனைந்த கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு பின்கதவால் வெளியே வந்தான். முழங்கால் வரைக்கும் உடைந்த ஐஸ்.

"கேக்குதா?" என்றாள் ஹஃபீலா. "உள்ள போகச் சொல்லுறாங்க. றுஷ்னா கண்ணாடிக்கு அங்கால நிக்கிறா. அழல்ல, நல்ல புள்ள. நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஓம்" என்றான். பொதி ஆணியில் தொங்கியபடி அப்படியே இருந்தது.

"வேல கூடவா?"

"ஓம். கொஞ்சம் கூட."

"வருசத்துலயும் போட் போறாங்களா?"

றஊப் மதிலுக்கு மேலால் பார்த்தான். களப்புக் கரையில் தோணிகளெல்லாம் கவிழ்ந்து கிடந்தன. பிள்ளைகள் வெறும் வாளிகளோடு இன்னும் நின்றார்கள்.

"போறாங்க" என்றான். "எல்லா போட்டும் போகுது, ஹஃபீலா. ஐஸ் காணாம நிக்கிறாங்க. நான் வராட்டி அவங்களுக்குக் கரச்சலாப் போயிரிக்கும்."

"அப்ப சரி" என்றாள் அவள். குரல் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப நீங்க போனதும் சரிதான்."

லைன் அறுந்தது. உள்ளேயிருந்து முஆஸ் லோட் இறங்குகிறதென்று சத்தம் போட்டான். யோசேப்பு தள்ளிய கட்டி பலகையால் சறுக்கி வந்து றஊபின் சப்பாத்தில் முட்டி நின்றது. அவன் போனைச் சேட்டுப் பைக்குள் போட்டுவிட்டு, சுத்தியலை இரண்டு கையாலும் ஓங்கி அடித்தான். ஒரு துண்டு மதிலுக்கு வெளியே போய் விழுந்தது. பிள்ளைகள் அதற்கு ஓடினார்கள்.